குடும்பத்தோடு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணி பிறந்துவிட்டால் என்னிடம் வரும் குடும்பங்கள் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. பாட்டிக்கு ஒரு பதில், மருமகளுக்கு ஒரு பதில், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு பதில் என்று தனித்தனியே சொல்லி வந்ததை, தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஃப்ளூ என்பது சாதாரணச் சளிக்காய்ச்சல்தானே? அதற்கு எதற்கு ஊசி?

சளி பிடிப்பதற்குக் காரணமான வைரஸ்கள் நூற்றுக்கும் மேல். ஃப்ளூவுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா என்ற வைரஸ் மட்டுமே. சளி மெல்லத் தொடங்கி, மூக்கை அடைத்து, நாலைந்து நாளில் தணியும். ஃப்ளூ அப்படி வருவதில்லை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர் காய்ச்சலோடு படுத்துவிடுவார். உடல் முழுதும் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். வறட்டு இருமல் இரண்டு வாரம் வரைகூட விடாது. திடகாத்திரமான இளைஞர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் அதே வைரஸ் கைக்குழந்தைக்கு நிமோனியாவாகவும், வீசிங் உள்ள பிள்ளைக்குக் கடும் மூச்சுத் திணறலாகவும், இதய நோயுள்ள முதியவருக்கு மாரடைப்பாகவும் மாறக்கூடும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகிறது என்று காட்டியது. மாரடைப்பால் இறந்தவரின் சான்றிதழில் ஃப்ளூ என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறாது என்பதால், இந்த நோயின் உண்மையான கனம் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

சென்ற ஆண்டுதான் போட்டுக்கொண்டோமே, மறுபடியும் ஏன்?

இரண்டு காரணங்கள். ஊசியால் உண்டான எதிர்ப்பாற்றல் சில மாதங்களில் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது என்பது ஒன்று. வைரஸ் தன் மேலுறையில் உள்ள புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டு அடையாளம் கண்ட பகைவனை நம் உடல் இந்த ஆண்டு சரியாக அடையாளம் காணாமல் போகலாம் என்பது மற்றொன்று. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, பிப்ரவரியில் பூமியின் வட பாதியான வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் பாதியான தென் கோளத்துக்கும் எந்தெந்த வைரஸ் வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. அம்மை ஊசியைப் போல் சிறுவயதில் போட்டுவிட்டு மறந்துவிட ஃப்ளூ வைரஸ் இடம் கொடுப்பதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் போட வேண்டுமா? தாத்தா பாட்டிக்கு மட்டும் போட்டால் போதாதா?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன். முதியவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதால் முதியவருக்கு மட்டும் போட்டால் போதும் என்ற கணக்கு சரியாகத்தான் தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. வயதான உடலில் ஊசிக்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல், இளவயதினருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதாவது யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவருக்கே ஊசி குறைவாக வேலை செய்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டும் வழி, நோயை வீட்டுக்குள் கொண்டுவருபவரைத் தடுப்பது. கொண்டுவருபவர் பெரும்பாலும் யூ.கே.ஜி. பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நேரே பாட்டி மடிக்கு ஓடும் பேரப்பிள்ளைதான். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக நாட்கள் வைரஸைப் பரப்புகிறார்கள். கைக்குட்டை அவர்களுக்குப் பெரும்பாலும் அலங்காரப் பொருள்.

இது வெறும் ஊகமன்று. மேற்குக் கனடாவில் ஹட்டரைட் என்ற கிறித்துவச் சமூகத்தினர் தனித்தனிக் குடியிருப்புகளாக, ஒரே கூடத்தில் சேர்ந்து உண்டு, கூட்டுக்குடும்பம் போலவே வாழ்கிறார்கள். அத்தகைய 49 குடியிருப்புகளில், 3 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சில இடங்களில் ஃப்ளூ தடுப்பூசியும், மற்ற இடங்களில் ஒப்பீட்டுக்காக மஞ்சள்காமாலைத் தடுப்பூசி ஒன்றும் போட்டுப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி, பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசியே போடாத மற்றவர்களுக்கும் ஃப்ளூ 61 விழுக்காடு குறைந்திருந்தது. ஜப்பானிலும் 1962-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். 1987-இல் கட்டாயம் தளர்ந்து, 1994-இல் திட்டம் நின்றது. திட்டம் நடந்த காலத்தில் குறைந்திருந்த முதியோரின் குளிர்கால மரணங்கள் அது நின்ற பின் மீண்டும் கூடின என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அதில் எத்தனை பங்கு ஊசியால் என்பதில் வாதங்கள் உண்டு. ஆனால் பிள்ளைக்குப் போடும் ஊசி பாட்டியையும் காக்கிறது என்ற அடிப்படைக் கருத்து உறுதியாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டில் எந்த மாதத்தில் போடுவது நல்லது?

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ தொலைபேசியில் சொல்லும் மாதத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே பனிக்காலத்தில் வரும் ஃப்ளூ, இங்கே மழையோடு வருகிறது. இந்தியாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் காலம் வேறுபடுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் ஃப்ளூ உச்சத்தை எட்டுவதாகக் கண்காணிப்புகள் காட்டியிருக்கின்றன.

ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் அந்த இரண்டு வாரம் முடிந்திருக்க வேண்டுமானால், ஆவணி நடுவிலிருந்து புரட்டாசி முடிவதற்குள், அதாவது செப்டம்பரிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ போட்டுக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்தும். முதன்முறையாக இரண்டு தவணை போட வேண்டிய குழந்தைக்கு ஒரு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கத் தயங்கும் வீடுகள் உண்டு. ஊசிக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை என்று சொல்வேன், கேட்காதவர்களை ஆவணி முதல் வாரத்தில் வரச் சொல்வேன்.

தவறவிட்டவர்கள், இனி அடுத்த ஆண்டுதான் என்று விட்டுவிட வேண்டாம். மழைக்காலம் மட்டுமே ஃப்ளூவுக்குச் சொந்தமில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு 16-ஆம் தேதி முதல் 26-ஆம் தேதி வரை விடுமுறை விட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

தென் கோள ஊசி, வட கோள ஊசி என்கிறார்களே, நமக்கு எது?

இந்தியச் சந்தையில் இரண்டுமே வருகின்றன. புவியியலின்படி நாம் வட கோளத்தில் இருந்தாலும், வெப்பமண்டல நாட்டில் அந்தப் பெயருக்கு அவ்வளவு பொருளில்லை. நீங்கள் போகும் நாளில் கிடைப்பவற்றுள் மிகச் சமீபத்திய பரிந்துரையின்படி தயாரித்ததைக் கேளுங்கள். எந்த ஆண்டுக்கான கலவை என்பதும், காலாவதித் தேதியும் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஊசியை உடைப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

நான்கு வகை ஊசி இருந்ததே, இப்போது மூன்று வகை என்கிறார்கள். தரம் குறைந்துவிட்டதா?

இல்லை. எச்1என்1, எச்3என்2 ஆகிய இரண்டு ஏ வகைகளும், விக்டோரியா, யமகாட்டா என்ற இரண்டு பி வகைகளும் சேர்ந்ததே நான்கு வகை ஊசி. இவற்றில் யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கோவிட் காலத்து முகக்கவசமும் ஊரடங்கும் ஒரு வைரஸ் வகையையே இல்லாமல் ஆக்கிவிட்டன போலும். இல்லாத ஒன்றுக்கு ஊசி தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் கருத்துத் தெரிவித்தது. அதனால் கையில் கிடைப்பது மூன்று வகையானாலும் நான்கு வகையானாலும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் அஞ்சிய எச்1என்1-இன் வழிவந்த வைரஸ்தான் இன்று பருவகால ஃப்ளூவாகச் சுற்றி வருகிறது. அதற்கென்று தனி ஊசி தேடி அலைய வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. அதிலேயே இன்ஃப்ளூயன்சா இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்கிறதே?

இது பெற்றோரின் பிழையன்று, பெயர் வைத்தவர்களின் பிழை. பெண்டாவேலன்ட்டில் உள்ளது ஹிப் எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து. 1890-களில் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இந்த வகைப் பாக்டீரியாவைக் கண்டவர்கள், இதுவே ஃப்ளூவுக்குக் காரணம் என்று தவறாக எண்ணி அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1933-இல் உண்மையான காரணமான வைரஸைக் கண்டுபிடித்த பிறகும் பழைய பெயர் மாறவில்லை. ஹிப் ஊசி மூளைக்காய்ச்சலையும் ஒருவகை நிமோனியாவையும் தடுக்கிறது, ஃப்ளூவைத் தடுக்காது. இரண்டும் தேவை.

எந்த வயதுப் பிள்ளைக்கு எத்தனை தவணை?

ஆறு மாதம் நிறைந்த பிறகே போட முடியும். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை வாழ்நாளில் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. முதல் தவணை உடலுக்கு வைரஸை அறிமுகப்படுத்துகிறது. இரண்டாவதுதான் போதுமான எதிர்ப்பாற்றலைத் தருகிறது. அடுத்த ஆண்டிலிருந்து ஒரு தவணை போதும். ஒன்பது வயதுக்கு மேல் முதன்முறையானாலும் ஒரே தவணைதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது; அதற்கு மேற்பட்ட வயதில் ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்ற நோயுள்ள பிள்ளைகளுக்கு வலியுறுத்துகிறது.

இரண்டாவது தவணையை மறந்துவிடும் பெற்றோர் ஏராளம். முதல் ஊசி போட்ட அன்றே அட்டையில் அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது?

தாயின் வழியாக. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம். தாயிடம் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று, பிறந்த பின் முதல் சில மாதங்களுக்குத் துணை நிற்கிறது. கர்ப்பிணிக்கே ஃப்ளூ கடுமையாகத் தாக்கும் அபாயம் மற்றப் பெண்களைவிட அதிகம் என்பதால் இந்த ஊசியால் இரு உயிருக்கும் பயனுண்டு. கர்ப்ப காலத்தில் விட்டுப்போயிருந்தால், பாலூட்டும்போது போட்டுக்கொள்ளலாம். பேறுகாலத்துக்கு மகள் தாய்வீடு வருவதாக இருந்தால், அவள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்த வீட்டிலுள்ள அனைவரும் ஊசி போட்டு முடித்திருப்பது நல்லது. வளைகாப்புக்கு எத்தனையோ ஏற்பாடுகள் செய்கிறோம், அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் உண்டு. போடலாமா?

சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள்தாம் கட்டாயம் போட வேண்டியவர்கள். எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர், ஊசி போடும் முன் அதைச் சொல்லிவிட்டால் மெல்லிய ஊசியால் போடுவார்கள். பிறகு போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தால் போதும்.

ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் வந்துவிட்டது. ஊசியால்தானே ஃப்ளூ வந்தது?

கையில் போடும் ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸின் துண்டுகள். அவற்றால் நோயை உண்டாக்க முடியாது. போட்ட இடத்தில் வலி, இலேசான காய்ச்சல், உடல்வலி ஆகியவை ஓரிரு நாள் இருக்கலாம். உடல் பாடம் படிக்கிறது என்பதற்கு அது அடையாளம். பாராசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். உண்மையிலேயே ஃப்ளூ வந்திருந்தால், எதிர்ப்பாற்றல் உருவாகும் அந்த இரண்டு வாரத்துக்குள் வெளியிலிருந்து தொற்றியதாகவே இருக்கும்.

போட்டுக்கொண்ட ஆண்டிலும் ஃப்ளூ வந்ததே. பின் எதற்குப் பணத்தை வீணாக்குவது?

இதில் மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. ஊசியின் கலவையும் பரவும் வைரஸும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை அது 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டில் இதற்கும் குறைவு. அம்மை ஊசியோடு ஒப்பிட்டால் இது சுமாரான ஊசிதான். ஆனால் ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவருக்கு அது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவது குறைகிறது. போதாக்குறைக்கு, ஊசி போட்டவருக்கு வரும் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூவாகவும் இருப்பதில்லை. டெங்குவும் மற்ற வைரஸ்களும் அதே மழையில்தான் வருகின்றன.

நாங்கள் சைவம். முட்டையில் தயாரிக்கிறார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸைக் கருவுற்ற கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள். பிறகு பிரித்தெடுத்துச் சுத்திகரித்த ஊசியில் எஞ்சுவது முட்டைப் புரதத்தின் மிக நுண்ணிய சுவடு மட்டுமே. புரட்டாசியில் முட்டை தொடாத வீடுகளில் இந்தக் கேள்வி மனச்சங்கடத்தோடு எழுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையை மறைத்து ஊசி போடுவது எனக்கு உடன்பாடில்லை. சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விட்டுவிடுவேன். மருந்துக்கு விலக்கு உண்டு என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லி, பேரனுக்கு முன் தாம் கையை நீட்டியதும் உண்டு. முட்டையில்லாமல் உயிரணுக்களில் வளர்த்துத் தயாரிக்கும் ஊசிகளும் உலகில் உள்ளன. வேண்டுமானால் விசாரித்துப் பார்க்கலாம்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள்கூட மற்றவர்களைப் போலவே போட்டுக்கொள்ளலாம் என்பது இன்றைய நிலைப்பாடு. முன்பு இருந்த கூடுதல் எச்சரிக்கையை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023-இல் கைவிட்டுவிட்டது.

யார் போடக் கூடாது?

முன்பு ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத் திணறல் போன்ற கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் போடக் கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை வலுவிழக்கச் செய்யும் கில்லன்-பாரே என்ற நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். கடும் காய்ச்சலில் இருப்பவர் குணமாகும் வரை தள்ளிப்போடலாம். வெறும் மூக்கொழுகலுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மூக்கில் தெளிக்கும் வகையில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால், கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அது ஏற்றதன்று.

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் குடித்தால் போதாதா?

குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஃப்ளூ வராமல் தடுப்பதில் அவை ஊசிக்கு ஈடாகும் என்று நிறுவப்படவில்லை. மிளகு ரசத்துக்கும் இதே பதில்தான். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமா? எல்லோருக்கும் போட வசதியில்லை என்றால் யாருக்கு முதலில்?

நாடு தழுவிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி சேர்க்கப்படவில்லை. எனவே பெரும்பாலான குடும்பங்கள் கைக்காசைத்தான் செலவிடுகின்றன. ஒரு தவணையே பொதுவாக ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும் நிலையில், ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒரு மாத மளிகைச் செலவுக்கு ஒப்பாகும். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது; ஆகவே வரிசையையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு முதலிடம். அடுத்து அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும், இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை என ஏதேனும் ஒரு நோயுள்ளவர்களும். பிறகு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆறு மாதம் நிறையாத சிசு இருக்கும் வீட்டில், அதைத் தூக்கி வளர்க்கும் தாயும் பாட்டியும் இந்த மூன்றாம் படிக்கே வந்துவிடுவார்கள். அதன் பிறகு பள்ளி செல்லும் பிள்ளைகள். கடைசியில் நோயற்ற இளம் பெரியவர்கள். வீட்டில் முதலில் ஊசிக்குக் கைநீட்டுபவர் பெரும்பாலும் சம்பாதிக்கும் ஆண்தான், ஏனெனில் அவருக்கு அலுவலகத்தில் முகாம் நடக்கிறது; வரிசைப்படி அவர் கடைசியாக இருக்க வேண்டியவர். உங்கள் அலுவலக முகாமில் குடும்பத்தினருக்கும் சலுகை விலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், ஒருமுறை உறைந்தாலும் கெடும், கெட்டதைப் பார்வையால் கண்டறிய முடியாது. வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு நாளுக்கு எத்தனை முறை திறக்கிறது என்பதையும், மின்வெட்டையும் எண்ணிப் பாருங்கள். போடும் இடத்திலேயே வாங்குவது நல்லது. கடையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஐஸ் பெட்டியில் வைத்து, ஐஸ் கட்டி நேரடியாக மருந்தின் மேல் படாதபடி, அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேறு ஊசிகளோடு ஒரே நாளில் போடலாமா?

போடலாம். முதியவர்களுக்கான நிமோனியா தடுப்பூசியையும், குழந்தையின் அட்டவணை ஊசிகளையும் வேறு கையிலோ தொடையிலோ அன்றே போட்டுக்கொள்ள முடியும்.

ஊசி போடுவதற்குள் வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

நோயாளிக்குத் தனி அறையும் முகக்கவசமும், மற்றவர்களுக்கு அடிக்கடி கைகழுவுதலும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் பரப்பத் தொடங்கியிருப்பார் என்பதால், அடுத்த நான்கு நாட்கள் வீட்டில் மற்றவர்களைக் கவனித்து வாருங்கள். கர்ப்பிணி, முதியவர், கைக்குழந்தை, நாள்பட்ட நோயாளி ஆகியோருக்குக் காய்ச்சல் தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்; ஒசெல்டாமிவிர் என்ற மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதுதான் அதிகம் பயன்படுகிறது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, குழந்தை பால் குடிக்க மறுப்பது, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் வராத மற்றவர்கள் அந்த வாரத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தவரும் குணமான பின் போட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் அவருக்கு வந்தது ஊசியில் உள்ள வகைகளுள் ஒன்று மட்டுமே.